ஜெர்மனியில் கண்ணாடி அடுப்பு: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

ஜெர்மனியில் வீடு கிடைத்துக் குடிவந்திருக்கிறீர்கள் என்றால், சமையலறையில் அநேகமாகக் கறுப்புக் கண்ணாடி அடுப்புதான் இருக்கும். இங்கே எல்லோரும் செரான் என்று சொல்வது அதைத்தான். நம் ஊர் கேஸ் அடுப்பைத் தேய்த்த பழக்கத்தில் இதன்மேல் கம்பி நாரும் தேய்க்கும் பவுடரும் போட்டால், கண்ணாடி முழுக்கக் கோடு விழுந்துவிடும். அடுப்பு வீட்டுக்காரருடையது என்றால் அதற்கான பணத்தை நீங்கள் கொடுத்த அட்வான்ஸில் கழிக்கப் பார்ப்பார்கள். அதுவோ மூன்று மாத வாடகை வரை போகிற தொகை. அதனால் சாவி வாங்கும்போதே அடுப்பைப் போட்டோ எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறல்களை ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுத வைத்துவிடுங்கள்.

முதல் வாரமே வாங்க வேண்டியது, கண்ணாடி அடுப்புக்கென்றே விற்கும் பிளேடு வைத்த சுரண்டி. டிஎம், ரோஸ்மான் என்ற சோப்பு, ஷாம்பூ விற்கும் கடைகள் இரண்டிலும் கிடைக்கும். பிளேடை நன்றாகச் சாய்த்து, முழு விளிம்பும் கண்ணாடியில் படும்படி முன்னால் தள்ள வேண்டும். முனையால் குத்தினால் கீறும். அடுப்பைச் சுற்றியுள்ள சிலிகான் ஓரத்தில் பிளேடு படவே கூடாது, கிழித்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். எந்தக் கறையாக இருந்தாலும் அடுப்பு ஆறிய பிறகு கை வைக்கலாம், இனிப்பைத் தவிர. சர்க்கரைப் பொங்கலோ வெல்லப்பாகோ பாயசமோ சிந்தினால் சூடாக இருக்கும்போதே சுரண்டியாக வேண்டும். உருகிய சர்க்கரை கண்ணாடியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது அது சுருங்கும், கண்ணாடி கிட்டத்தட்டச் சுருங்காது. அந்த இழுப்பில் மேல்தோல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து குழி விழும், அப்புறம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் சரியாகாது. எனவே பாத்திரத்தை நகர்த்தி, அடுப்பை அணைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, சூடான வட்டத்திலிருந்து குளிர்ந்த பக்கமாகப் பாகைத் தள்ளுங்கள். மிச்சத்தை ஆறிய பின் துடைக்கலாம். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்குக்கும் இதே வைத்தியம்தான்.

குடிவரும் நாளில் பால் காய்ச்சுவீர்கள், அது பொங்கி வழியவும் வேண்டும். இந்த அடுப்பில் பலவற்றில் அணைத்த பிறகும் சூடு நெடுநேரம் நிற்பதால், வழிந்த பால் அப்படியே கருகும். சின்னப் பாத்திரத்தில் கழுத்துவரை பால் ஊற்றுங்கள். நுரை எழுந்து ஓரமாக வழிந்ததும் தூக்கி, பக்கத்தில் தயாராக இருக்கும் தாம்பாளத்தில் வைத்துவிடுங்கள். சாங்கியமும் நடந்தது, அடுப்பும் பிழைத்தது.

நம் வீடுகளில் தினப்படித் தொல்லை பருப்பு நுரையும் குக்கர் விசிலில் தெறிக்கும் சோற்றுக் கஞ்சியும்தான். சூடு இன்னும் இருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு அணைந்து அடுப்பு ஆறட்டும். கறைமேல் பாத்திரம் கழுவும் சோப்பை இரண்டு சொட்டு விட்டு, சமையல் சோடாவைத் தூவி, வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்தி இருபது நிமிடம் விடுங்கள். துணியை எடுக்கும்போதே பாதி இளகி வரும், மஞ்சள் வளையமாய் ஒட்டியிருப்பதை மட்டும் பிளேடால் தள்ளினால் போதும். அவசரப்பட்டுக் காய்ந்த கறையில் பிளேடு போடாதீர்கள்.

வட்டத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில், வெள்ளி மாதிரி கோடுகள் தெரிகிறதா? நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டாவிட்டால் பெரும்பாலும் அது கீறல் இல்லை, அலுமினியக் குக்கரின் அடி தேய்ந்து ஒட்டிய உலோகம். ஆறிய அடுப்பில் வினிகரோ, தண்ணீரில் கரைத்த சிட்ரிக் அமிலமோ தடவித் துடைத்தால் போய்விடும். நிஜக் கீறல்கள் பெரும்பாலும் இரும்புத் தோசைக்கல்லை இழுப்பதால் வருபவை. இழுக்காமல் தூக்கி வையுங்கள், அடியில் உப்புக்கல் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடையில் பாட்டில் எடுக்கும்போது கவனம். நாட்ரோன் என்று இருப்பதுதான் நம் சமையல் சோடா. சோடா என்றே எழுதியிருப்பது துணி துவைக்கும் சோடா. அதில் காரத்தன்மை அதிகம், கையை அரிக்கும், அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். அதேபோல எஸ்ஸிக் எஸென்ஸ் என்பது 25 சதவீத அமிலம். சாதாரண வினிகர் 5 சதவீதம்தான். ஒரு பங்கு எஸென்ஸுக்கு நாலு பங்கு தண்ணீர் கலக்காமல் தொடாதீர்கள். குளோரின் உள்ள கிளீனரோடு வினிகர் சேர்ந்தால் நச்சு வாயு வரும். கதவு மூடிய குளிர்காலச் சமையலறையில் இது உயிருக்கே ஆபத்து.

தாளிக்கும் எண்ணெய் மேலே போய் உட்காருவது புகைபோக்கியின் உலோக வடிகட்டியில். அதைக் கழற்றி மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் மெஷினில் போடலாம். அலுமினியமாக இருந்தால் நிறம் மங்கும், வேலை செய்வதில் குறை வராது. உள்ளே கரி வடிகட்டி இருந்தால், கழுவலாம் என்று அதிலேயே எழுதியிருந்தால் ஒழிய கழுவாதீர்கள், புதிதாக மாற்றுங்கள்.