சுகர் ஓபியில் மனசை யாராவது கேட்டார்களா? (உங்கள் அனுபவம்)

கோரையாற்றுக்காரன்:
மாமாவுக்குச் சுகர். மன்னார்குடிப் பக்கம் விவசாயம். ஒவ்வொரு தடவையும் ரீடிங் ஏறியே இருக்கும், டாக்டரும் மாத்திரையைக் கூட்டுவார், கடைசியில் இன்சுலின் என்றார். சம்பாவுக்கு விதைநெல் எடுக்கப் பத்தாயத்தைத் திறந்தால் உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள், கட்டுக்கட்டாக. அத்தை கத்தித் தீர்த்தார். மாமா நிதானமாக, "எதுக்கு முழுங்கணும்? இருந்து என்ன பண்ணப் போறேன்?" என்றார். அந்த நிதானம்தான் இன்னும் உறுத்துகிறது. அவர் சீட்டு முழுக்க எண்கள்: சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்ட பின். ஆள் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை.

ராஜி கும்பகோணம்:
எங்கள் வீட்டில் நேர்மாறு. அண்ணன் பல வருடமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். ஒரு ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தான். போன ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) டூட்டி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்க்க வந்தவர், பழைய சீட்டைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். "இது அந்த நோயோட சேர்ந்ததும்மா, அவங்க டாக்டர்கிட்டயே காட்டுங்க." விடிந்து வேறு இடம் போனால் குடல்வால் வெடித்திருக்கிறது. பிழைத்துக்கொண்டான். அந்தக் கையைத்தான் மறக்க முடியவில்லை.

வெண்ணாறு சுந்தர்:
இரண்டு பேருமே டாக்டரைத்தான் திட்டுகிறீர்கள். திங்கட்கிழமை ஓபி வரிசையைப் பார்த்ததுண்டா? ஒருவருக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிது. எனக்கும் நெஞ்சு படபடவென்று வந்து, ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருந்து, பயம்தான் காரணம் என்று தஞ்சாவூரில் மனநல டாக்டர் சொன்னார். என் கதை அவ்வளவுதான், சொல்ல வந்தது வேறு. மனநோய் மாத்திரைகளில் சில, முக்கியமாக ஓலான்சபின், எடையையும் சுகரையும் ஏற்றும். லித்தியம் என்றால் தைராய்டும் கிட்னியும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ராஜி, அண்ணனுக்கு இதெல்லாம் பார்க்கிறீர்களா? சுகர்காரர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். சோர்வு வந்தால் மாத்திரை, நடை, சாப்பாடு எல்லாம் விட்டுப்போகும், சுகர் ஏறும், அது மறுபடி சோர்வில் தள்ளும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 21-வது பிரிவு என்ன சொல்கிறது? மனநோயாளியை உடல்நோயாளிக்குச் சமமாக நடத்த வேண்டும், இன்சூரன்ஸ் உட்பட. அதைக் காட்டிப் பேசுங்கள். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்கு போன் போடுங்கள், டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அப்புறம் எல்லோரும் காபியைக் குறையுங்கள்.

ராஜி கும்பகோணம்:
ராத்திரி ரெண்டு மணிக்கு வயிற்றுவலிக்காரனை வைத்துக்கொண்டு சட்டப்பிரிவைக் காட்டுவதா சார்? நல்லா இருக்கு.

கொள்ளிடக்கரை:
சோர்வு என்றாலே மனசு என்றும் முடிவு கட்டாதீர்கள். எங்கள் அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டு படுத்தே கிடந்தாள். மனசு சரியில்லாதவர்களைத் தங்க வைக்கும் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்தோம். கோயிலைக் குறை சொல்லவில்லை, அங்கே நிம்மதியாகத்தான் இருந்தாள். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு. வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. அதை உள்ளங்கையில் வைத்து, "இவ்ளோதானா?" என்று கேட்டாள்.

நாகை செல்வி:
நான் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற அரசுத் திட்டத்தில் சுகர், பிரஷர் பார்க்க வீடுவீடாகப் போகிறவள். கடலோரக் குப்பத்தில் ஒரு பாட்டி, 2004 சுனாமியில் மகனைப் பறிகொடுத்தவர். மார்கழி பிறந்தால் பிரஷர் எகிறும். கையில் பட்டையைச் சுற்றியதும் மகன் பேச்சை எடுப்பார். அளக்கும்போது பேசினால் ரீடிங் கூடும், அதனால் பேசவிடக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். "பேசாதீங்க பாட்டி" என்றேன். வாயை மூடிக்கொண்டு, காற்று இறங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்ணாறு சுந்தர்:
மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருக்கலாமேம்மா?

நாகை செல்வி:
சொல்லாமலா இருப்பேன்? "எனக்கென்ன பைத்தியமா?" என்றார். பிரஷர் வரிசையில் நிற்க அவருக்கு வெட்கமில்லை சார். அதே ரூமில், அதே டாக்டர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். தனிக் கட்டடத்துக்குப் போங்கள் என்றால் யார் போவார்கள்?