400 வாட் பேனல்கள் இரண்டை 100 வோல்ட், 30 ஆம்பியர் கன்ட்ரோலர் தாங்குமா?

சாலைவாசி:
வணக்கம். என் கேரவன் கூரையில் 400 வாட் சோலார் பேனல்கள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதனுடனும் இணைக்காதபோது உள்ள அளவு) 37 வோல்ட் என்றும், குறுக்குச் சுற்று மின்னோட்டம் (இரு முனைகளையும் நேராக இணைத்தால் பாயும் அளவு) 13.8 ஆம்பியர் என்றும் அச்சிடப்பட்டுள்ளது. பேட்டரி 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம். கையில் இருப்பது 100 வோல்ட், 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனலின் உயர் மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுக்கும் கருவி). பேனல்களைத் தொடரிணைப்பில் (மின்னழுத்தங்கள் கூடும்படி ஒன்றன்பின் ஒன்றாக) இணைக்கலாமா? பின்னர் மூன்றாவதாக ஒன்றை அதே தொடரில் சேர்க்க இடமுண்டா?

வோல்ட்மீட்டர்:
அந்த இரண்டு எண்களையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். 100 வோல்ட் என்பது ஒருமுறைகூடத் தாண்டக் கூடாத எல்லை. தாண்டினால் கன்ட்ரோலர் எரிந்துபோகலாம். 30 ஆம்பியர் அப்படியல்ல, அது கன்ட்ரோலர் பேட்டரிக்குத் தானே அளந்து கொடுக்கும் உச்ச மின்னோட்டம். இரண்டு பேனல்கள் தொடரில் 74 வோல்ட். அச்சிட்ட அளவு 25 டிகிரி செல்சியஸுக்கு உரியது. வெப்பநிலை ஒரு டிகிரி குறையும்போதெல்லாம் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.3 சதவீதம் உயரும் என்பதால், உறைநிலைக்கு 10 டிகிரி கீழே உள்ள விடியலில் அது 82 வோல்ட் அளவுக்குச் செல்லும். அதுவும் பாதுகாப்பானதே. மூன்று பேனல்கள் என்றால் 25 டிகிரியிலேயே 111 வோல்ட். அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள்.

ஆனால் 30 ஆம்பியரைப் பேட்டரியின் மின்னழுத்தமான சுமார் 13.2 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 400 வாட்தான் வருகிறது. நல்ல நண்பகலில் பேனல்கள் தரக்கூடியதில் கணிசமான பகுதி வீணாகும். கருவிக்குக் கெடுதல் இல்லை, பேனலுக்குக் கொடுத்த பணத்துக்குத்தான் கெடுதல். 50 ஆம்பியர் கன்ட்ரோலர் பொருத்தமாக இருக்கும்.

நிழல்விரும்பி:
கணக்கு சரி, ஆனால் நான் பக்க இணைப்பையே (மின்னழுத்தம் மாறாமல் மின்னோட்டங்கள் கூடும் இணைப்பு) தேர்ந்தெடுப்பேன். கூரையில் உள்ள ஏ.சி. பெட்டியின் நிழல் ஒரு பேனல்மீது விழும்போது, தொடரிணைப்பில் அது மற்றதையும் சேர்த்து இழுத்துவிடக்கூடும். பக்க இணைப்பில் வெயிலில் சூடேறிய பேனலின் இயக்க மின்னழுத்தம் 27 வோல்ட் வரை இறங்கினாலும், பேட்டரியை ஏற்ற அது தாராளம். மின்னோட்டம் இரட்டிப்பாவதால் தடித்த கம்பி வேண்டும், 27.6 ஆம்பியர் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தைக் கன்ட்ரோலர் அனுமதிக்கிறதா என்பதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

வோல்ட்மீட்டர்:
நிழல் விழும் கூரைக்கு அதுவே சரி, ஒப்புக்கொள்கிறேன்.

சாலைவாசி:
நிழல் விழத்தான் செய்கிறது. பக்க இணைப்பாகவே மாற்றுகிறேன். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் (எளிமையான, மலிவான வகை) ஒன்றும் இருக்கிறது. ஒரு பேனலை அதற்குக் கொடுத்தால் சுமை குறையாதா?

வோல்ட்மீட்டர்:
வேண்டாம். அது பேனலின் மின்னழுத்தத்தைப் பேட்டரியின் அளவுக்கே இழுத்து இறக்கிவிடும். 13 ஆம்பியர், 13 வோல்ட் என்று 400 வாட் பேனலில் 170 வாட்தான் தேறும். புதிய கன்ட்ரோலரைப் பொருத்தும்போது முதலில் பேட்டரியை இணைத்து, அதன் பிறகே பேனல் கம்பிகளைச் செருகுங்கள்.