பம்பருக்குள் பதுங்கியிருக்கும் பல்பு: பாக் லைட் (பனிமூட்ட விளக்கு) மாற்றிய அனுபவங்கள்

குன்னூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் அன்றாடம் இறங்கி ஏறுகிறவர்களுக்குப் பாக் லைட் அலங்காரப் பொருள் அன்று. மேகம் சாலையிலேயே இறங்கிவிடும் நாட்களில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு நம் கண்ணையே கூசச் செய்யும். சாலையோரத்து வெள்ளைக் கோட்டையும் தடுப்புச் சுவரின் அடிப்பகுதியையும் காட்டித் தருபவை, தரையை ஒட்டி ஒளியைப் பரப்பும் அந்த இரண்டு விளக்குகள்தாம். ஆனால் அவற்றை அவ்வளவு தாழ்வாக, பம்பரின் மூலையில் செருகி வைத்திருப்பதால்தான் ஒரு பல்பு போனால் இத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது.

என் காரில் இடப்பக்க விளக்கு எரியாமல் போனதும் கையேட்டைப் புரட்டினேன். ஹெட்லைட் பல்பை மாற்றும் முறையைப் படம் போட்டு விளக்கியவர்கள், பாக் லைட்டுக்கு மட்டும் சர்வீஸ் சென்டரை அணுகும்படி ஒரே வரியில் கைகழுவியிருந்தார்கள். அங்கே போனால், பம்பரைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். கேட்ட கூலி பல்பின் விலையைப் போலப் பல மடங்கு. கூலி கூடப் பரவாயில்லை. ஒருமுறை கழற்றிய பம்பர், சக்கரத்துக்கு மேலுள்ள ஃபென்டர் தகட்டோடு பழையபடி பொருந்துவது அபூர்வம் என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

பானட்டைத் திறந்து மேலிருந்து கைவிட்டால், வாஷர் தண்ணீர் டேங்க் குறுக்கே நிற்கிறது. மிஞ்சியது சக்கரத்துப் பக்கம்தான். இடப்பக்க விளக்குக்கு ஸ்டீயரிங்கை முழுவதும் வலப்பக்கம் திருப்பினால், சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே போய், லைனருக்கு (சக்கரக் குழியின் உட்புறத்தை மூடும் பிளாஸ்டிக் உறை) முன்னால் கை நுழைய இடம் கிடைக்கிறது. லைனரை முழுவதும் கழற்றத் தேவையில்லை. முன்பகுதியில் உள்ள ஸ்டார் ஸ்க்ரூக்களையும் பிளாஸ்டிக் கிளிப்புகளையும் எடுத்துவிட்டு மடக்கிப் பிடித்தால் போதும். அந்தக் கிளிப்புகளின் நடு ஊசியை முதலில் நெம்பி வெளியே இழுத்த பிறகே உடலை எடுக்க வேண்டும். எப்படி எடுத்தாலும் பழைய கிளிப்புகளில் சில உடையத்தான் செய்யும். ஆகவே புதிய கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

உண்மையான எரிச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முழங்கை வரை உள்ளே போய்விட்ட கைக்குக் கண் கிடையாது. பல்போடு வயரை இணைக்கும் கப்ளரின் பூட்டைப் பெருவிரலால் அழுத்தியபடியே இழுக்க வேண்டும். ஆனால் அந்த நாக்குக்கு அடியில் செம்மண் சேறு புகுந்து காய்ந்து இறுகியிருந்ததால் அது அமுங்கவே இல்லை. தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து மண்ணை உதிர்த்த பின்பே ‘டக்’ என்று விட்டது. பிறகு பின்பக்கமிருந்து இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பியதும் பல்பு கையோடு வந்துவிட்டது. புதிய ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரமே போய்விடும். குருட்டுக்கையால் வேலை செய்யும்போது இந்த விதியைக் காப்பாற்றுவது எளிதன்று என்பதை, செய்து பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஓசூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நண்பர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இரண்டு விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்தால், லைனரில் கை வைக்கும் முன் ஃபியூஸையும், விளக்குகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயையும் பார்த்துவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அணைந்தால், பெரும்பாலும் பல்பு, இல்லையேல் கப்ளர். எனக்குக் கப்ளர்தான் காரணமாக இருந்தது: மழைத்தண்ணீர் புகுந்து பின்கள் பச்சை பூத்திருந்தன, பல்பில் ஒரு குறையும் இல்லை.

பல்பு எண்ணையும் கவனியுங்கள். எச் 8, எச் 11, எச் 16 மூன்றும் பார்வைக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிதான். ஆனால் அவற்றின் திறன் முறையே 35, 55, 19 வாட். ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகக்கூடாது என்பதற்காகவே அடிப்பகுதியின் அமைப்பில் சிறு வேறுபாடு வைத்திருக்கிறார்கள். அதை அரத்தால் ராவி 55 வாட் பல்பை நுழைத்துத் தருகிற கடைகளும் உண்டு. வெளிச்சம் கூடுவது உண்மைதான். அந்தச் சூட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்படாத பிளாஸ்டிக் கூடு உருகினால், பிறகு முழு விளக்கையும் வாங்க வேண்டியதுதான்.

பொள்ளாச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் காரில் இருப்பது எல்இடி. பல்பைத் தனியாக எடுக்க வழியே இல்லாத, முழுவதுமாக மூடப்பட்ட கூடு. வால்பாறைக்கு ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வழியில் விளக்கு இல்லாமல் போக முடியாது என்பதால் முழுக் கூட்டையும் வாங்கினோம். அடித்தட்டைக் கழற்ற வேண்டியிருந்ததால், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்துவிட்டே கீழே படுத்தேன். பத்தாம் நம்பர் போல்ட்டுகள் துருவேறியிருந்தன. அவற்றில் ஒன்று தலை முறிந்து, அதைத் துளையிட்டு எடுப்பதற்குள் மாலையாகிவிட்டது.

புதிய கூட்டைப் பொருத்திய பிறகு ஒளி விழும் உயரத்தைச் சுவரில் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள். சற்றே உயர்ந்தாலும் எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். எங்கள் காரில் அதற்கான திருகு மட்டும் பம்பரின் முன்துளை வழியாக நீண்ட ஸ்க்ரூடிரைவருக்கு எட்டுகிறது. திருகுக்கு வழி வைக்கத் தெரிந்தவர்களுக்குப் போல்ட்டுக்கு வைக்கத் தோன்றாதது ஏன் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.