ஈயம் உருக்குபவரின் இரவுத் தூக்கம்: பார உலோகம் உடற்கடிகாரத்தைக் குழப்புமா?

கரையோரம்:
வணக்கம். நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் வசிக்கிறோம். என் அப்பா, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் பதினைந்து வருடங்களாக வீட்டிலேயே வார்த்து வருகிறார். பழைய பற்றறிகளை உடைத்துத் தகடுகளை எடுத்து, குசினிக்குப் பின்னாலுள்ள அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து உருக்குவார். மேலே திரளும் சாம்பல் நிறக் கசடை அகப்பையால் வழித்து வேலியோரம் கொட்டுவார். இரண்டு வருடங்களாக அவர் கடலுக்குப் போவதில்லை. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு முற்றத்தில் உலாவுகிறார், காலை பத்து மணிக்குக் கதிரையிலேயே அயர்ந்துவிடுகிறார். பார உலோகங்கள் மூளையில் ஒட்சியேற்ற அழுத்தத்தை (கலங்களைச் சிதைக்கும் ஒட்சியேற்றம் அளவுமீறுவதை) உண்டாக்கி, தூங்கும் விழிக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் உடற்கடிகாரத்தையும் குழப்பும் என்று வாசித்தேன். அப்பாவுக்கு நடப்பது அதுதானா?

நொதியம்:
தங்கச்சி, நீங்கள் வாசித்ததில் அடிப்படை உண்டு. உடலின் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, நாம் உள்ளெடுக்கும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. அதில் எளிதில் ஒட்சியேறும் கொழுப்பும் அதிகம். ஈயம் கல்சியத்தைப் போல வேடமிட்டுக் குருதியிலிருந்து மூளைக்குள் நுழைகிறது. குருதிச் சிவப்பை ஆக்கும் பாதையிலுள்ள ஒரு நொதியத்திலிருந்து நாகம் (துத்தநாகம்) என்ற உலோகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்வதால், அந்நொதியம் முடங்கி, அது மாற்றவேண்டிய அமினோலெவுலினிக் அமிலம் தேங்குகிறது. தேங்கிய அமிலம் தானே ஒட்சியேறிச் கலங்களைத் தாக்கும் சுயாதீன மூலிகங்களை விடுவிக்கிறது. அவற்றை அடக்கவேண்டிய குளுட்டத்தயோன் என்ற காப்புப் பொருளையோ ஈயம் கந்தகப் பிணைப்பால் பிடித்துவைத்துக்கொள்கிறது.

உடற்கடிகாரம் இருப்பது மூளையின் அடிப்பகுதியான பரிவகக்கீழிலுள்ள, ஏறத்தாழ இருபதாயிரம் நரம்புக்கலங்கள் கொண்ட ஒரு சிறு திரளில். இருட்டியதும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலற்றோனின் என்ற ஓமோனைச் சுரப்பது அதன் கட்டளைப்படிதான். மெலற்றோனின் தூக்கத்துக்கு மட்டுமன்றி ஒட்சியேற்றத்தைத் தணிப்பதற்கும் உதவுவதால், ஒன்று குலைந்தால் மற்றதும் குலைய இடமுண்டு. நீண்டகாலம் ஈயம் கொடுக்கப்பட்ட எலிகளில் அன்றாட நடமாட்ட ஒழுங்கும் கடிகாரப் புரதங்களின் அளவும் மாறியிருந்தன; குடிநீரில் கட்மியம் என்ற இன்னொரு பார உலோகத்தைப் பெற்ற எலிகளிலும் இதையொத்த குழப்பம் காணப்பட்டது. ஆனால் எலியில் கண்டதை வைத்து அப்பாவின் தூக்கத்துக்குத் தீர்ப்பெழுத நான் துணியமாட்டேன். அவர் சுருட்டுப் பிடிப்பவரா? புகையிலை மண்ணிலிருந்து கட்மியத்தை உறிஞ்சும் பயிர். சிறுநீரகத்தில் சேர்ந்த கட்மியம் பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது வருடங்கள் செல்லும்.

பழைய வாடி:
எல்லாவற்றையும் ஈயத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். நானும் இருபது வருடம் இரவுத் தொழில் செய்தவன். தொழிலை விட்ட பிறகும் விடியப்புறம் வலை இழுக்கும் நேரத்துக்குக் கண் தானாக விழித்துக்கொள்ளும். பகல் முழுவதும் உள்ளறையில் படுத்திருந்துவிட்டு, இரவில் கைபேசி வெளிச்சத்தில் இருந்தால் எந்தக் கடிகாரமும் பிழைக்கும். அப்பாவைக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் நடக்கவிட்டுப் பாருங்கள்.

நொதியம்:
வாடி அண்ணர் சொல்வது சரி. அந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்யும் முதன்மையான கருவி கண்வழி வரும் ஒளிதான்.

வெள்ளைக்கோட்டு:
நான் சுகாதாரத் துறையில் பணிபுரிகிறேன். தூக்கத்தை வைத்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. குருதியில் ஈய அளவைப் பார்க்கவேண்டும். வைத்தியரிடம் போகும்போது "தூக்கமில்லை" என்று மட்டும் சொல்லாமல், பற்றறி உருக்கும் கதையையும், வயிற்றுவலி, மலச்சிக்கல், களைப்பு இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். ஒரு தெசிலீற்றர் (100 மில்லிலீற்றர்) குருதியில் 5 மைக்கிறோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் வரும் வழியைக் கண்டறிந்து அடைக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல். குருதியிலுள்ள ஈயம் மாதக்கணக்கில் குறையும். எலும்பில் படிந்தது பல வருடங்களுக்குச் சிறிது சிறிதாகக் கசியும். ஈயத்தை வெளியேற்றும் மருந்தையோ மெலற்றோனின் குளிசையையோ நீங்களாகவே வாங்கிக் கொடுக்கவேண்டாம்.

அப்பாவைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்களின் குடல், பெரியவர்களுடையதைவிடப் பலமடங்கு ஈயத்தை உறிஞ்சும்.

கரையோரம்:
அக்காவின் மகளுக்கு மூன்று வயது. வேலியோர மண்ணில்தான் விளையாடுவாள். அப்பா சுருட்டும் பிடிப்பார். சட்டியை நேற்றே எடுத்து ஒளித்துவிட்டேன். திங்கட்கிழமை இருவரையும் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்கிறேன். இன்னுமொரு கேள்வி: எங்கள் கோழிகளும் அந்த வேலியோரத்தைத்தான் கிளறுகின்றன. பிள்ளைக்குத் தினமும் ஒரு முட்டை அவித்துக் கொடுக்கிறோம்.

வெள்ளைக்கோட்டு:
இன்றிலிருந்து கொடுக்கவேண்டாம். மண்ணோடு கோழி விழுங்கும் ஈயம் மஞ்சட்கருவில் சேரும். கசடு கிடக்கும் இடத்தைக் காய்ந்தபடி கூட்டாமல், தண்ணீர் தெளித்து, தறப்பாளால் மூடிக் கல் வையுங்கள். மண்ணை அகற்றுவது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அப்பா உருக்கும்போது உடுத்த சாரத்தைப் பிள்ளையின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள்.