370இசட்டில் இரட்டை டர்போ: ஆயில் எப்படித் திரும்பும்?

கேள்வி: 2010 நிசான் 370இசட். பக்கத்துக்கு மூன்று சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு டர்போ (எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) என்று திட்டம். மேலே இடமே இல்லை. கீழே, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும் இடத்தில்தான் பொருந்தும். அவ்வளவு தாழ்வாக வைத்தால் டர்போவுக்குப் போன ஆயில் எஞ்சினுக்குத் திரும்புமா?

பதில்: தானாகத் திரும்பாது. டர்போவின் பேரிங்குக்குள் அழுத்தத்தோடு போகிற ஆயில், வெளியே வரும்போது வெறும் ஈர்ப்பில்தான் வடிகிறது. டர்போ எஞ்சினின் ஆயில் மட்டத்துக்குக் கீழே போனால் அங்கேயே தேங்கி, சீலைத் தாண்டி, எக்ஸாஸ்டில் நீலப் புகை தள்ளும். ஆயிலை உறிஞ்சி எஞ்சினுக்குத் திருப்பும் ஸ்கேவெஞ்ச் பம்ப் கட்டாயம். வடிதுளை நேர் கீழே பார்க்கட்டும். குழாயில் தொய்வு வேண்டாம்.

கேட்டவர்: சரி, பம்ப் வைத்துவிடுகிறேன். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்) எவ்வளவு வைக்கலாம்?

பதில்: அந்த எஞ்சினின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் விகிதம்) 11:1, டர்போவுக்கு இது அதிகம். ஆசைப்படாமல் 6 பிஎஸ்ஐயில் (அழுத்த அலகு) தொடங்குங்கள். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெட்ரோல் தெளிக்கும் பெரிய இன்ஜெக்டர், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சர் மூன்றும் இல்லாமல் காரை வெளியே எடுக்கவே வேண்டாம். டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் மேடை) நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல் சத்தம், கேட்டால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

இன்னொருவர்: அப்புறம், ஆயில் கேலரி கேஸ்கட் (எஞ்சினுக்குள் ஆயில் ஓடும் வழியின் கசிவுத் தடுப்பு)! ஆரம்ப வருட எஞ்சின்களில் அது காகிதம். கிழிந்தால் ஆயில் அழுத்தம் விழும். முதலில் சாவது புது டர்போதான். உலோக கேஸ்கட் போட்டுவிட்டு டர்போ கிட்டைத் தொடுங்கள்.