புதுப்பிப்பு: வவுனியா தியேட்டர் இப்போதைக்கு மூடவில்லை

பசார் பக்கத்துப் பழைய தியேட்டரை மூடப்போகிறார்கள் என்று போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று பலர் கேட்டபடியால் இது. கட்டடக்காரர் குத்தகையை இன்னும் ஒரு வருடம் நீட்டச் சம்மதித்துவிட்டார்.

செலவில் பெரிய தலையிடி புரொஜெக்டர்தான். அதில் எரியும் செனன் விளக்குக்கு ஆயுள் மணித்தியாலக் கணக்கில். பத்துப் பேர் பார்த்தாலும் அரங்கு நிறைந்தாலும் ஒரே தேய்மானம். வெளிநாட்டுச் சாமான் வேறு, 2022இல் இலங்கை ரூபாய் விழுந்தபின் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த வருடம் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைகூட கரண்ட் வெட்டினார்கள், ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்கவில்லை. அப்போது பட்ட கடனே இன்னும் தீரவில்லையாம். போன பதிவுக்குக் கீழே லேசர் புரொஜெக்டர் வாங்கச் சொன்னவர்களுக்கு: விளக்கு மாற்றும் செலவு மிச்சம்தான், ஆனால் முதல் போட யாரிடம் காசு?

சரி, இப்போதைய ஏற்பாடு. வார நாட்களில் மாலைக் காட்சி மட்டும். பகல் காட்சியை விட்டதில் ஏசிச் செலவு குறையும். கிளிநொச்சிப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு பஸ் தவறக்கூடாதென்று ஐந்து மணிக்கே தொடங்குகிறார்கள். காலையில் மண்டபத்தைப் பள்ளிக்கூட விழாக்களுக்கு வாடகைக்கு விடும் யோசனை இங்கே ஒருவர் சொன்னது, அதையும் எடுத்துக்கொண்டார்கள். (கச்சான் விலையைக் குறைக்கச் சொன்னேன், அது மட்டும் நடக்கவில்லை.)