பீகிள்போன் பிளாக்: ஃப்ரீஸில் பட்டன் எழுப்புகிறது, மெம் கொடுத்தால் எழுப்பவில்லை

மின்பலகை:
வணக்கம் நண்பர்களே. சோலார் பேட்டரியில் ஓடும் நீர்மட்டப் பதிவுக் கருவி ஒன்று செய்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் பீகிள்போன் பிளாக் போர்டு (லினக்ஸ் ஓடும் சிறு கணினிப் பலகை) தூங்க வேண்டும், பெட்டிக்கு வெளியே உள்ள பட்டனை அழுத்தினால் எழ வேண்டும். பட்டன் பி9 ஹெடரின் (போர்டில் ஒயர் மாட்டும் பின் வரிசை) 12-ஆவது பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இருக்கிறது. டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) ஜிபிஐஓ-கீஸ் நோட் (பின்னில் மாட்டிய பட்டனுக்கான பகுதி) எழுதி, தூக்கத்திலிருந்து எழுப்பலாம் என்று சொல்லும் வேக்கப்-சோர்ஸ் வரியும் சேர்த்துவிட்டேன். விழித்திருக்கும்போது ஒவ்வொரு அழுத்தமும் ஈவிடெஸ்ட்டில் (பட்டன் நிகழ்வுகளைக் காட்டும் கருவி) ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் மெம் (லினக்ஸின் ஆழ்ந்த தூக்க நிலை) கொடுத்துத் தூங்க வைத்தால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் அசைவில்லை. சீரியல் கன்சோலில் ஒரு கீயைத் தட்டினால் உடனே எழுகிறது.

கர்னல்வாசி:
வேக்கப்-சோர்ஸ் வரி பட்டனுக்குரிய உள் நோடில் இருக்கிறதா? வெளி நோடில் போட்டால் டிரைவர் அதைப் பார்க்காது. சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்தச் சாதனத்தின் பவர் அடைவுக்குள் வேக்கப் என்ற கோப்பு இருக்கும், அதில் எனேபிள்ட் என்று வருகிறதா பாருங்கள். அப்புறம் மெம்முக்குப் பதில் ஃப்ரீஸ் (லேசான தூக்க நிலை) கொடுத்துப் பாருங்கள்.

மின்பலகை:
உள் நோடில்தான் இருக்கிறது. எனேபிள்ட் என்றே வருகிறது. ஃப்ரீஸில் பட்டன் எழுப்புகிறது! மெம்மில் மட்டும்தான் இல்லை. கன்சோலால் எழுந்தபின் கர்னல் லாகில் எழுப்பியது யூஆர்ட் (சீரியல் போர்ட்) என்று காட்டுகிறது.

கர்னல்வாசி:
அப்படியென்றால் உங்கள் மென்பொருள் பக்கம் சரி, பின்தான் பொருந்தவில்லை. போர்டில் உள்ள ஏஎம்335எக்ஸ் சிப்பில் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்கள்) நான்கு வங்கிகளாக இருக்கிறது, 0 முதல் 3 வரை. இதில் 0-ஆவது வங்கி மட்டும் எப்போதும் விழித்திருக்கும் வேக்கப் பவர் டொமைனில் (சிப்பில் தனியாக மின்சாரம் பெறும் பகுதி) இருக்கிறது. மற்ற மூன்றும் பெரிஃபரல் டொமைனில். மெம் கொடுத்தால் முக்கியச் செயலி அணைந்து, பெரிஃபரல் பகுதியும் செயலற்றுப் போகும். காவலுக்கு நிற்பது கார்டெக்ஸ் எம்3 என்ற குட்டிச் செயலி ஒன்றுதான். யூஆர்ட்0, ஆர்டிசி (சிப்பின் கடிகாரம்) அலாரம், ஜிபிஐஓ 0-ஆவது வங்கி போன்ற சிலவற்றின் குரல் மட்டுமே அதற்குக் கேட்கும். ஃப்ரீஸில் இப்படி எதுவும் அணைவதில்லை, அதனால் வேக்கப் எனேபிள்ட் ஆன எந்தப் பின்னின் இன்டரப்டும் (செயலியின் கவனத்தைக் கோரும் சிக்னல்) எழுப்பிவிடும்.

உங்கள் 12-ஆவது பின், 1-ஆவது வங்கியின் 28. அதே வரிசையில் பக்கத்திலேயே இருக்கும் 11-ஆவது பின், 0-ஆவது வங்கியின் 30. ஒயரை ஒரு துளை நகர்த்தினால் போதும். டிவைஸ் ட்ரீ எனேபிள்ட் என்று சொன்னால் மட்டும் நம்பிவிடக் கூடாது, சிப்பின் டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் மேனுவலில் பவர் டொமைன் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் பின்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

சாலிடர்:
ஒரு எச்சரிக்கை. 11-ஆவது பின் யூஆர்ட்4-இன் ரிசீவ் பின்னும்கூட. சென்சாரை யூஆர்ட்4-இல் மாட்டியிருந்தால் இது ஆகாது, 0-ஆவது வங்கியிலேயே வேறு பின் தேடுங்கள். பின்மக்ஸில் (பின்னின் வேலையைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு) ஜிபிஐஓவுக்கான 7-ஆவது மோட், புல்-அப் (அழுத்தாதபோது பின்னை உயர் நிலையில் பிடிக்கும் மின்தடை) இரண்டும் புதிய பின்னுக்கும் எழுத வேண்டும். புல்-அப் இல்லாமல் மிதக்க விட்டால் காரணமே இல்லாமல் எழுந்து பேட்டரியைத் தின்னும். 3.3 வோல்ட்டுக்கு மேல் அந்தப் பின்னில் படவே கூடாது.

மின்பலகை:
யூஆர்ட்4 பயன்படுத்தவில்லை. 11-க்கு மாற்றினேன், மெம்மில் பட்டன் எழுப்புகிறது, லாகிலும் ஜிபிஐஓ0 என்று வருகிறது. மிக்க நன்றி! இன்னொன்று: தூங்க வைக்கவும் அதே பட்டன்தான். அழுத்தியதும் ஸ்கிரிப்ட் மெம் கொடுக்கிறது, ஆனால் விரலை எடுத்தவுடன் போர்டு எழுந்துவிடுகிறது.

கர்னல்வாசி:
ஜிபிஐஓ-கீஸ் அழுத்துவதையும் விடுவதையும் இரண்டு நிகழ்வுகளாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் விரலை எடுப்பதுதான் எழுப்புகிறது. அதே உள் நோடில் வேக்கப்-ஈவென்ட்-ஆக்‌ஷன் என்ற பண்பைச் சேர்த்து மதிப்பை 1 என்று கொடுங்கள். அழுத்தினால் மட்டும் எழுப்பு என்று பொருள். 0 என்றால் இரண்டுக்கும், 2 என்றால் விடும்போது மட்டும். ரொம்பப் பழைய கர்னலில் இந்தப் பண்பு கிடையாது. அப்படியிருந்தால், பட்டன் விடப்படும்வரை காத்திருந்து பிறகு மெம் கொடுக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றிவிடுங்கள்.

மின்பலகை:
1 கொடுத்தேன், விரலை எடுத்த பிறகும் தூங்குகிறது. ஆர்டிசி அலாரத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன், எது முந்துகிறதோ அது எழுப்புகிறது. தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.